கருவறுக்கும் கழிவுநீர்!

தோழா!

சென்ற கிழமை ஒரு பொதுக்கூட்டம். பேசி முடித்து மேடையைவிட்டு இறங்கினேன். நம் கழகத்தில் நெடுநாளாக உழைத்துவரும் நண்பரொருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று, "ஆற்றைப் பற்றிப் பேசினீர்கள், மகிழ்ச்சி. ஆனால் அதிலே கால்மணி நேரம் மீனுக்கும் நத்தைக்கும் போய்விட்டதே! விலைவாசி இருக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் இருக்கிறது. நத்தைக்கு வாதாடவா நாம் கட்சி நடத்துகிறோம்?" என்று கேட்டார்.

அவர் மாற்றார் முகாமிலிருந்து வந்தவரல்லர். கேலிக்காகக் கேட்டவருமல்லர். கொடி பிடித்த கை, தடியடி பட்ட தோள், சிறைச்சோறு உண்ட வாய்! ஆகவே அந்தக் கேள்வியைப் புறக்கணிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தரவேண்டிய விடையை உனக்கே எழுதுகிறேன். ஏனெனில், அதே ஐயம் உன் உள்ளத்திலும் இருக்கக்கூடும்.

ஆற்றிலே நஞ்சு கலந்தது. மீன்கள் செத்து மிதந்தன. இது செய்தி! ஊர் திரள்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு அதிகாரிகள் வருகின்றனர், ஏட்டிலே படம் வெளிவருகிறது, விசாரணை என்ற சொல்லாவது காதில் விழுகிறது. ஆனால், தோழா, மீன் சாகவில்லை, நீந்துகிறது, இரை தேடுகிறது, செதில் மினுக்குகிறது, குஞ்சு மட்டும் பொரிக்கவில்லை. இது செய்தியா? இல்லை! பிணம் கிடந்தால்தானே வழக்கு! பிறவாத குஞ்சுக்குப் பிணம் ஏது? பிணமில்லாத கொலைக்குப் பிரேத விசாரணை ஏது? பத்தாண்டு கழித்து வலை வெறுமையாகக் கரையேறும்போது, "முன்பெல்லாம் இங்கே மீன் நிறையக் கிடைக்கும்" என்று முதியவரொருவர் பெருமூச்செறிவார். அந்த இனத்துக்கு நடக்கும் இரங்கற்கூட்டம் அவ்வளவே!

அந்தக் கொலையைப் பற்றித்தான் பேசினேன். வாளால் வெட்டும் கொலையன்று. கருவிலேயே அறுக்கும் கொலை.

நத்தையின் கதையையே முதலில் கேள். கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு உயிர் அது; கட்டைவிரல் நுனியளவுதான் இருக்கும். 1970ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரையில், ஆய்வாளரொருவர் அந்த நத்தைகளிடையே ஒரு விபரீதத்தைக் கண்டார். பெண் நத்தைகளுக்கு ஆண்குறி முளைத்திருந்தது! ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கக் கடற்கரையிலும், வேறோர் இன நத்தையிடம் இதே கோலம் காணப்பட்டது. கடவுளின் திருவிளையாடல் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை அறிஞர்கள். காரணம் தேடினர். படகுத்துறையை நெருங்க நெருங்கக் கேடு மிகுவதையும், விலக விலகக் கேடு குறைவதையும் கண்டனர். படகுகளின் அடிப்புறத்தில் பூசிய வண்ணத்திலே இருந்தது வினை!

கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டி வளர்ந்தால் வேகம் குறையும். எண்ணெய்ச் செலவு கூடும். அதைத் தடுக்க, 1960களில் டிரைபியூட்டைல் டின் என்னும் வெள்ளீய நச்சுக் கூட்டுப்பொருளை வண்ணத்திலே கலந்து பூசத் தொடங்கினர். கப்பல் முதலாளிக்கு இலாபம். வண்ணம் செய்தவனுக்கும் இலாபம். நட்டம் யாருக்கு? பெயரில்லாத, பேச வாயில்லாத நத்தைக்கு!

எவ்வளவு நஞ்சு வேண்டியிருந்தது, தோழா, அந்த இனத்தைச் சிதைக்க? குடம் குடமாகவா? இல்லை! நூறு கோடி லிட்டர் நீரில் ஒரே ஒரு கிராம்! அந்த அளவே போதுமாயிருந்தது, பெண் நத்தையின் உடலிலே ஆணின் உறுப்பை முளைக்க வைக்க. நீரில் அதன் அளவு மேலும் ஏறியபோது, முட்டை வெளிவரும் வழியே அடைபட்டது. முட்டைக் கூடுகள் உள்ளேயே தேங்கின. ஈன முடியாத தாய், ஈன முடியாமலேயே மடிந்தது. இவ்வினத்தின் குஞ்சுகள் அலையிலே மிதந்து அயலூர் செல்பவையல்ல. கூட்டிலிருந்து வெளிவந்து பாறையிலேயே ஊர்பவை. ஆகவே ஒரு பாறையிலே குடி அற்றுப்போனால், வேறோரிடத்திலிருந்து வந்து குடியேறுவதும் எளிதன்று. கரைகள் வெறிச்சோடின.

அரசு விழித்ததா? அதையும் கேள்! பிரெஞ்சு நாட்டிலே ஆர்க்கசான் என்றொரு விரிகுடா. உணவுச் சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்ற இடம். 1970களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளின் ஓடுகளும் தடித்துத் திரிந்து உருக்குலைந்தன. சிப்பி வளர்ப்போர் வாழ்விழந்து குரலெழுப்பினர். அதன் பிறகே, 1982இல், 25 மீட்டருக்குக் குறைந்த நீளமுள்ள படகுகளில் அந்த வண்ணத்துக்குத் தடை வந்தது. 1987இல் இங்கிலாந்து பின்பற்றியது. பெருங்கப்பல்களுக்கோ, 2001இல் உலக உடன்படிக்கை எழுதப்பட்டு, 2008ஆம் ஆண்டிலேதான் அது நடைமுறைக்கு வந்தது.

கணக்கைப் பார், தோழா! நத்தையிடம் கேடு கண்டது 1970. உலகம் தடை போட்டது 2008. முப்பத்தெட்டு ஆண்டுகள்! நத்தை மட்டும் அழிந்தவரை ஒருவரும் அசையவில்லை. சிப்பி வணிகம் சரிந்த பின்னரே சட்டம் கண் திறந்தது. முதலில் நத்தை, அடுத்துச் சிப்பி, பிறகு சிப்பியை நம்பிய குடும்பம். வரிசையை மறவாதே. நத்தைக்காக அன்று வாதாடியிருந்தால், அந்தக் குடும்பங்களுக்காகப் பின்னர்க் கண்ணீர் வடித்திருக்க வேண்டியதில்லை. நண்பருக்கு என் முதல் விடை இது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தடை வந்த பின்னர், பல கரைகளிலே நத்தைகள் மீண்டும் பெருகின. தலைவிதி மாறியதா? இல்லை, சட்டம் மாறியது! விதி என்பது பல வேளைகளில், எழுதப்படாத சட்டத்துக்கு இட்ட மறுபெயர்தான்.

அடுத்து, ஆப்பிரிக்கக் கண்டத்திலே விக்டோரியா ஏரி. அங்கே சிக்லிட் என்னும் சிறுமீன் வகையில், ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்த நூற்றுக்கணக்கான இனங்கள் வாழ்ந்தன. சிலவற்றுள், ஓர் இனத்தின் ஆணுக்கு நீலம். அண்டை இனத்தின் ஆணுக்குச் செம்மை. பெண்மீன் நிறம் பார்த்துத் துணை தேர்ந்தது. பெற்றோர் பார்த்து முடித்த மணமல்ல. பொருத்தம் பார்த்து, பொன் எடை பார்த்து நடத்திய வணிகமுமல்ல. கண் கண்டு, உள்ளம் கொண்டு நடந்த தேர்வு! அந்த ஏரியிலே மனிதன் கழிவைக் கொட்டினான். காட்டை அழித்து மண்ணை அடித்துவரச் செய்தான். வயலின் உரம் வழிந்தோடிச் சேர்ந்தது. பாசி பெருகிற்று, நீர் கலங்கிற்று, ஒளி மங்கிற்று. நிறம் தெரியவில்லை! எது தன்னினம், எது பிறவினம் என்று காண முடியாமல், இனங்கள் கலந்து தனித்தன்மை இழந்தன. நெதர்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை உலகுக்கு எடுத்துரைத்தனர். கொண்டுவந்து விடப்பட்ட அயல்மீன் விழுங்கித் தீர்த்த இனங்கள் ஒருபுறம்; கலங்கிய நீரிலே கண்ணிழந்து கரைந்த இனங்கள் மறுபுறம். இங்கே உடலைச் சிதைக்கும் நஞ்சுகூடத் தேவைப்படவில்லை. துணையைக் காணும் ஒளியைப் பறித்ததே போதுமாயிற்று.

மூன்றாவது சாட்சி, இங்கிலாந்தின் ஆறுகள். கழிவுநீர் நிலையங்களுக்குக் கீழே உள்ள நீரில், ரோச் என்னும் கெண்டை வகை மீன்கள் ஆணும் பெண்ணுமற்ற கோலத்தில் இருப்பதைத் தூண்டில்காரர்களே முதலில் கவனித்தனர். ஆய்வாளர்கள் கூண்டிலே ஆண் மீனை அடைத்துக் கழிவுநீர் கலக்கும் இடத்தில் இறக்கினர். பெண் மீனின் உடலிலே முட்டை உருவாகும்போது சுரக்கும் மஞ்சட்கருப் புரதம், ஆணின் குருதியிலே சுரந்தது! 1998இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கொடியது: ஆண் மீன்களின் விந்துச் சுரப்பியில் முட்டைகள், சில இடங்களிலே பிடித்த ஆண் மீன்களுள் ஒன்றுகூடத் தப்பவில்லை. காரணங்கள் ஒன்றல்ல. மனித உடல் இயல்பாகக் கழிக்கும் பெண்மை ஹார்மோன், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஹார்மோன், கம்பளி அலசும் ஆலைகள் கொட்டிய நோனைல்பீனால் போன்ற வேதிப்பொருள் எல்லாம் அதிலே கலந்திருந்தன.

இந்த இடத்தில் விழிப்பாக இரு, தோழா! கருத்தடை மாத்திரை என்ற சொல் காதில் விழுந்ததும், பழமைவாதிகள் துள்ளிக் குதிப்பர். "பார்த்தீர்களா! பெண்கள் அடங்கியிருந்தால் ஆறு கெட்டிருக்குமா?" என்பர். கர்ப்ப ஆட்சி வேண்டும், பெண் பிள்ளை பெறும் இயந்திரமல்லள் என்று பெரியார் முழங்கிய மண்ணிலே பிறந்தவர்கள் நாம். அந்த வலையிலே விழமாட்டோம். மாத்திரையைப் பறிப்பதன்று மருந்து. கழிவுநீரைத் தூய்மை செய்வதே மருந்து. ஓசோன் கொண்டும், கரித்தூள் கொண்டும் அந்நுண்பொருள்களைப் பெருமளவு நீக்க முடியும். சுவிட்சர்லாந்து நாடு, முக்கியமான கழிவுநீர் நிலையங்கள் அவ்வாறு செய்தே தீரவேண்டுமென 2016இல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெண்ணின் உரிமையும் மீனின் பிறப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகை என்று காட்டுபவன் இரண்டுக்கும் பகைவன்!

"எல்லாம் ஊகம், மெய்ப்பித்தவர் யார்?" என்று கேட்கும் மேதாவிகள் இருப்பர். கனடா நாட்டினர் மெய்ப்பித்தனர். ஆய்வுக்கென ஒதுக்கிய ஏரிகளுள் ஒன்றில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைக் காலங்கள், மாத்திரையிலுள்ள அதே செயற்கை ஹார்மோனைக் கலந்தனர். அளவு? லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஐந்தாறு பங்கு. அவ்வளவுதான்! ஆண் மீன்கள் பெண்மைத் திரிபுற்றன, குஞ்சுகள் அருகின, சில ஆண்டுகளிலே அந்தச் சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறத்தாழ அற்றே போயிற்று. நின்று பார்த்தால் நீர் தெளிவு; வாடையில்லை; நுரையில்லை; செத்த மீனின் குவியலுமில்லை. தெளிந்த நீரிலே ஓர் இனம் தேய்ந்தது! கலப்பதை நிறுத்திய பின், அவ்வினம் மெல்ல மீண்டது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்றியாயிற்று, குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டது, தண்டனையை நிறுத்தும் வழியும் காட்டப்பட்டது.

இனி நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1974இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும் வந்தன. கழிவுநீரை வெளியேற்றுவோர்க்கு வகுத்த பொது அளவுகோல்களுள் மீன் சோதனையும் ஒன்று. அது என்ன கேட்கிறது தெரியுமா? கழிவுநீரிலே மீனை விடு. 96 மணி நேரம் கழித்து, நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடிருக்கின்றனவா? இருந்தால் தேர்வு!

நான்கு நாள், தோழா! நான்கு நாள் சாகாதிருந்தால் போதும். அந்த மீன் இணை சேருமா, முட்டையிடுமா, முட்டை பொரிக்குமா, பொரித்த குஞ்சு ஆணா பெண்ணா இரண்டுமற்றதா என்று அந்தச் சோதனை கேட்பதில்லை. பிளிமத் நத்தை நான்கு நாளில் சாகவில்லை. கனடா மீன் நான்கு நாளில் சாகவில்லை. அவையெல்லாம் இந்தத் தேர்விலே முதல் வகுப்பில் வெற்றி பெற்றிருக்கும். வெற்றி பெற்றபின் வமிசமற்றுப் போயிருக்கும்!

"சாகாதிருக்கிறாயா? போதும், போ!" இந்தக் குரலை நீ வேறெங்கும் கேட்டதில்லையா? சேரியைப் பார்த்து ஆதிக்கக்காரன் சொன்னதும் இதுவன்றோ? கூலி உயர்வு கேட்ட தொழிலாளியைப் பார்த்து முதலாளி சொன்னதும் இதுவன்றோ? உயிரோடிருத்தல் வேறு, வாழ்தல் வேறு என்று சொல்லத்தானே நம் இயக்கம் தோன்றியது! மீனுக்கு வைத்த அளவுகோலும் மனிதனுக்கு வைத்த அளவுகோலும் ஒரே பட்டறையில் அடித்தவை. நண்பருக்கு என் இரண்டாம் விடை இது.

இன்னும் நம் ஊருக்கு அருகே வருவோம். நோனைல்பீனால் என்றேனே, அதைத் தரும் சலவைச் சரக்கு, கழுவிப் பயன்படுத்தும் துணிகளில் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அத்துணி தன் சந்தைக்குள் வரக்கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. ஏன்? சட்டையைத் துவைக்கும்போது அது கரைந்து தங்கள் ஆற்று மீன்களைக் கெடுக்கும் என்பதற்காக! நல்ல சட்டம், வரவேற்போம். ஆனால் ஒரு கேள்வி. சட்டையைத் துவைக்கும் ஆற்றுக்கு அவ்வளவு காவல். சட்டைக்குச் சாயமேற்றும் ஆற்றுக்கு என்ன காவல்?

நொய்யலைப் பார். பாசனத்துக்கென 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடித்தார்கள். தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. அந்த நீர் எங்கள் வயலுக்கு வேண்டாமென்று உழவரே சொல்லும் நிலை வந்தது. உழவர் நீதிமன்றத்தின் படியேறினர். 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறிய பின்னரே, பட்டறைகள் திறக்கும் வழி பிறந்தது.

"பட்டறையை மூடினால் தொழிலாளி என்ன செய்வான்?" என்பது அடுத்த வாதம். உண்மையான கேள்வி, அதை நான் மறைக்க மாட்டேன். மூடிய நாட்களில் முதலில் அடுப்பணைந்தது தொழிலாளியின் வீட்டிலேதான். ஆனால் அந்த அடுப்பை அணைத்தவர் யார்? மீனா? உழவனா? நீதிமன்றமா? கழிவைத் தூய்மை செய்யும் செலவை ஆண்டுக்கணக்கில் மிச்சம் பிடித்து இலாபக் கணக்கிலே எழுதிக்கொண்டவன் யார்? அவனல்லவா குற்றவாளி! செலவை ஆற்றின் தலையிலே கட்டினான். ஆறு உழவனின் தலையிலே கட்டிற்று. கடைசியில் அபராதம் கட்டியவன் தொழிலாளி. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், 1996இலேயே உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மாசு செய்தவனே ஈடு செய்யவேண்டும், கேடு நேர்ந்தபின் அழுவதைவிட, நேருமுன் தடுப்பதே கடமை. அந்தத் தீர்ப்பைத் தொழிலாளியின் பக்கம் நின்று வாசிக்கவேண்டியவர்கள் நாம். பட்டறை ஓடட்டும், கழிவு ஓடவேண்டாம்! மூடிய நாளின் கூலியை முதலாளி தரட்டும்!

கடைசியாக வருவார் ஒரு பெரியவர், நெற்றி நிறையக் குறியிட்டு. "ஆறு தெய்வம், தெய்வத்துக்கு ஏது தீட்டு? தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும்" என்பார். மனிதன் தொட்டால் தீட்டு என்று சொன்ன அதே வாய், சாக்கடை கலந்தால் தீட்டில்லை என்கிறது, பார்த்தாயா விந்தையை! ஓடும் நீர் சில அழுக்கை ஆற்றும்; உண்மை. ஆனால் நூறு கோடியில் ஒரு பங்கு நஞ்சுக்கு முன் மந்திரம் பலிக்காது. ஆற்றுக்கு வேண்டியது ஆரத்தியல்ல, ஆய்வுக்கூடம்.

ஆகவே, தோழா, என்ன செய்யப் போகிறாய்? உன் ஊரிலே கழிவு எங்கே ஆற்றோடு கலக்கிறதென்று முதலில் போய்ப் பார். வலை வீசுவோரிடம் உட்கார்ந்து பேசு. எந்த மீன் சினையோடு கிடைப்பதில்லை, எந்த மீனின் குஞ்சு காணாமற்போயிற்று என்று கேட்டு எழுதிக்கொள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உன் சட்டைப்பையில் இருக்கிறது. உன் ஊர்க் கழிவுநீரை எப்போது சோதித்தனர், என்ன கண்டனர் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேள். கூட்டந்தோறும் இந்தக் கோரிக்கையை வை: நான்கு நாள் சாவுக் கணக்கு போதாது, இனப்பெருக்கத்தையும் சோதித்தறியும் அளவுகோல் சட்டத்திலே ஏறவேண்டும், அதன் முடிவு ஊரறிய வெளிவரவேண்டும். ஆளுவோர் எவராயினும், நம்மவரே ஆயினும், கேள்வியை மாற்றாதே. நம்மவர் ஆளும்போது அடங்கிவிடும் கேள்வி, கொள்கையாகாது, கோஷம்!

நண்பரை நாளை மறுபடியும் சந்திப்பேன். "நத்தைக்கு வாதாடவா கட்சி?" என்று மீண்டும் கேட்டால், "ஆம்" என்றுதான் சொல்லப்போகிறேன். நத்தைக்கு வாக்கில்லை, அதனால்தான் நாம் பேசுகிறோம். சென்ற தலைமுறையில் வாக்கில்லாதவர்களாக இருந்தவர்கள் யாரென்று அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.